90,000 ரூபாய்க்கு ஷூமாக்கர் ஹெல்மெட்: ஏலத்தில் கேட்கலாமா?

நீங்கள் கேட்டது: ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் ஷூமாக்கர் 2004இல் பந்தயத்தில் அணிந்த ஹெல்மெட் என்று ஒன்று ஆன்லைன் ஏலத்துக்கு வந்திருக்கிறது. கையெழுத்து இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, ஆரம்ப விலை 90,000 ரூபாய். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏமாந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். 2011இல் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன் பந்தயமான முதல் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தபோது எனக்கும் ஜுரம் ஏறியது. ஒரு ஏலத்தில் அயர்டன் சென்னா கையெழுத்திட்ட படம் ஒன்றை 14,500 ரூபாய்க்கு எடுத்தேன். முன்னால் சென்னாவின் நீலமும் வெள்ளையுமான வில்லியம்ஸ் கார், பின்னால் ஒட்டிக்கொண்டு ஷூமாக்கரின் பெனட்டன். கூடவே தங்க நிற முத்திரை, ஹாலோகிராம், சீரியல் நம்பர் எல்லாம் உள்ள சான்றிதழ். நான் ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் டிசைனர். ஹாலோகிராம் ஸ்டிக்கரை ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்து வாங்குவது எங்கள் தொழிலில் சர்வசாதாரணம். அது தெரிந்தும் அந்தச் சான்றிதழைப் பார்த்து மயங்கினேன் என்பதுதான் கொடுமை.

அந்தப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்கு வந்தார். புதுப்பேட்டையில் முப்பது வருஷம் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து, "யாருடா இது?" என்றார்.

"சென்னா மாமா. பிரேசில்காரர். மூணு தடவை உலக சாம்பியன்."

"இப்ப இருக்காரா?"

"இல்ல மாமா. ரேஸ்லயே போயிட்டாரு. இத்தாலியில இமோலான்னு ஒரு ஊரு. தொண்ணூத்தி நாலு மே ஒண்ணாம் தேதி."

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். இமோலா, 1 மே 1994. "அதே ரேஸாடா இது?"

"ஆமா மாமா."

"அப்ப கையெழுத்து எப்படா போட்டாரு?"

கையெழுத்தின் ஒவ்வொரு வளைவையும் இணையத்தில் கிடைத்த மாதிரிகளோடு நான் ஒப்பிட்டிருந்தேன். இந்த ஒரு கேள்வி மட்டும் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் முதலில் தேதியைத்தான் பிடிக்கிறேன். சொல்லப்படுகிற நாளில் இந்தப் பொருள் இப்படி இருந்திருக்க முடியுமா? கையெழுத்து, மை, சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் ஹெல்மெட்டுக்கு வருவோம். 2004 என்பது நல்ல வருடம்; சோதிக்க வசதியான வருடம். அப்போது ஷூமாக்கர் அணிந்தது ஜெர்மனியின் ஷூபர்த் ஹெல்மெட். அதற்குச் சில வருடங்கள் முன்புவரை பெல் கம்பெனி ஹெல்மெட். எனவே ஹெல்மெட் ஓட்டில் பெல் என்று இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். அடுத்து, கழுத்தைக் காப்பாற்றும் ஹான்ஸ் கருவி ஃபார்முலா ஒன்னில் 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. அதன் வாரை மாட்டுவதற்கு ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் பின்புறமாக உலோகக் குமிழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது 2004இல் பந்தயத்துக்குப் போயிருக்க முடியாது. இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். சென்னா காலத்து ஹெல்மெட் என்று சொல்லி, ஹான்ஸ் குமிழோ அதற்கான துளையோ இருந்தால் அது பின்னாளில் செய்த ஓட்டின் மேல் அடித்த பெயின்ட்.

உள்ளே ஒட்டியிருக்கும் தர லேபிளின் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஹெல்மெட்டைச் சோதித்துத் தரம் கொடுக்கும் ஸ்னெல் அமைப்பின் லேபிளில் எஸ்ஏ என்று இருந்தால் கார் பந்தயத்துக்கு, எம் என்று இருந்தால் பைக்குக்கு. பைக் ஹெல்மெட்டுக்கு ஷூமாக்கர் வேஷம் போட்டு விற்பது நிறைய நடக்கிறது. எஸ்ஏ தரம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாறும்: 2000, 2005, 2010 என்று. 2004 பந்தய ஹெல்மெட்டுக்குள் எஸ்ஏ2005 லேபிள் இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். உலகக் கார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏவின் 8860 என்ற தரமே 2004இல்தான் வந்தது. 2001 ஹெல்மெட் என்று சொல்லும் ஒன்றில் அந்த எண் இருக்கக் கூடாது.

இன்னொரு அடையாளம் உங்களுக்கு இப்போது பயன்படாது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் ஹங்கேரியில் தகுதிச் சுற்றின்போது இன்னொரு காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று ஃபெராரி டிரைவர் ஃபெலிப்பே மாஸாவின் தலையில் அடித்தது. அதற்குப் பிறகு, 2011 முதல், முகத்தை மூடும் கண்ணாடியான வைசரின் மேல் விளிம்பில் சைலான் என்ற இழையால் ஆன ஒரு பட்டை சேர்ந்தது. 2019இல் புதிய தரம் வந்ததும் அந்தத் தனிப்பட்டை போய்விட்டது. ஆகவே 2012, 2014 வருட ஹெல்மெட் என்று விற்பவர்களிடம் பட்டை எங்கே என்று கேட்கலாம்.

சரி, தேதி எல்லாம் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் தேய்மானம். இதில் எனக்குக் குரு மாமாதான். "பழசைப் புதுசாக்குறவனும் உண்டு, புதுசைப் பழசாக்குறவனும் உண்டு. பழசாக்குறவன் சோம்பேறி, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேய்ப்பான். ஓடின சாமான் ஒரு பக்கமாத்தான் தேயும்" என்பார். பந்தயத்தில் இருந்த ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் பொடிக்கல் பட்ட புள்ளிகள் இருக்கும். பின்பக்கம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். கீழ் விளிம்பு ஹான்ஸில் உரசி மங்கியிருக்கும். உள்துணி நெற்றியிலும் கன்னத்திலும் வியர்வையால் கறுத்திருக்கும். தாடை வார் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து தழும்பு விழுந்திருக்கும். ரேடியோ மைக், தண்ணீர்க் குழாய் வந்துபோன தடம் இருக்கும். விற்பவர்கள் வெளிப்பக்கத்தைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்துப் போட்டுவிட்டு உள்பக்கத்தைக் காட்டுவதே இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் தாண்டினால் படப் பொருத்தம், அதாவது பந்தய நாளில் எடுத்த படங்களோடு ஒப்பிடுவது. செய்தி ஏஜென்சிப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. 'அதே டிசைன்' என்பது பொருத்தம் ஆகாது. அதே கீறல், கையால் ஒட்டிய ஸ்டிக்கரின் அதே கோணல், விளம்பர எழுத்தின் ஓரம் பெயின்ட் கோட்டை அதே இடத்தில் தொடுவது, இவைதான் பொருத்தம். அந்த வருடம் 18 பந்தயங்களில் 13ஐ ஷூமாக்கர் ஜெயித்தார். படத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பந்தயம் என்று விற்பவர் சொல்லட்டும். '2004 சீசன்' என்று பொதுவாகச் சொல்லி நழுவினால் நீங்களும் நழுவிவிடுங்கள்.

விலையே ஒரு சாட்சி என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல் ஷூமாக்கர் ஓட்டிய ஃபெராரி ஒன்று 2017இல் நியூயார்க் ஏலத்தில் 75 லட்சம் டாலருக்கு மேல் போனது. கார் வேறு, ஹெல்மெட் வேறுதான். ஆனால் இந்தப் பெயருக்குப் பணத்தோடு காத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தூங்கும்போது நமக்கு மட்டும் 90,000 ரூபாய்க்கு அகப்படுகிறது என்றால், நாம் அதிர்ஷ்டசாலி என்று நினைப்பதற்கு முன்னால் அவர்கள் ஏன் தொடவில்லை என்று யோசிக்கலாம்.

கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஷூமாக்கர் 2013 டிசம்பரில் பனிச்சறுக்கு விபத்தில் சிக்கினார். அதற்குப் பிறகு ரசிகர்களைச் சந்திக்கவில்லை. 'போன வருடம் நேரில் வாங்கியது' வகைக் கதைகள் அங்கேயே முடிந்தன. படமோ அட்டையோ என்றால் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அந்த லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கோடு பொடிப்பொடி வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது படத்தோடு சேர்ந்தே அச்சடித்தது. அணிகளே ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் டிரைவர் அட்டைகளில் அப்படித்தான் இருக்கும். அட்டை போலி இல்லை, 'கையால் போட்டது' என்ற விளம்பரம்தான் போலி. பேனாவால் போட்டதென்றால் வெளிச்சத்தில் சாய்க்கும்போது மை தனியாக மின்னும். கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் அடர்த்தி கூடும்.

டயரும் கார் பாகமும் விற்பவர்கள் தனி ரகம். பைரெல்லி தன் ஃபார்முலா ஒன் டயர்களை அணிகளுக்கு விற்பதில்லை. பந்தயம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டுபோய் அழித்துவிடுகிறது. அதனால் முழு டயர் வெளியே வந்த கதையை நன்றாக விசாரிக்க வேண்டும். சக்கர அளவும் 2022இல்தான் 13 அங்குலத்திலிருந்து 18 ஆனது; 18 அங்குல டயரை 2015 என்று சொல்லி விற்க முடியாது. கார்பன் ஃபைபர் என்றால் வளைவில் நெசவைப் பாருங்கள். அசலில் இழைகள் வளைவோடு சேர்ந்து வளையும்; ஒட்டிய பிலிமில் வடிவம் இழுபட்டுச் சிதறும்.

ஒரு முறை எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, 2005 இண்டியானாபொலிஸில் நாராயண் கார்த்திகேயன் ஓட்டிய காரின் டயர்த் துண்டு என்று ஒன்று வந்தது. மிச்செலின் என்று டயர் கம்பெனி பெயர் எழுதியிருந்தது. அந்தப் பந்தயத்தில் மிச்செலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் பாதுகாப்புக் காரணத்தால், பந்தயம் தொடங்கும் முன் மெதுவாகப் போகும் ஃபார்மேஷன் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. ஓடியது பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஆறே கார்கள். அதனால்தான் ஜோர்டான் அணியில் இருந்த நாராயண் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். அந்தப் பந்தயத்தின் சிறப்பே டயர்தான். அதையே தப்பாக எழுதி விற்கிறார்கள்.

வெளிநாட்டுச் சாமான் மட்டும் இல்லை, நம்மூர்ச் சாமானிலும் இப்போது போலி வருகிறது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களின் டிக்கெட், நோட்டீஸ், நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. மாமாவே இளவயதில் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறிப் போனவர். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்தது 1990இல். அதற்கு முந்திய நினைவெல்லாம் சோழவரம்தான். போன வருடம் '1971 சோழவரம் கார் பந்தய நோட்டீஸ்' என்று ஒன்று ஏலத்துக்கு வந்தது. காகிதம் நன்றாகவே பழுத்திருந்தது. டீ டிகாக்ஷனில் நனைத்தால் யார் வீட்டுக் காகிதமும் பழுக்கும்.

நான் பார்த்தது ஒரே ஒரு எழுத்தை. 'சென்னை' என்ற சொல்லில் உள்ள னை. தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடுதான் அச்சாகும். பெரியாரின் 'விடுதலை' போன்ற விதிவிலக்கு உண்டு. கார் பந்தய நோட்டீஸ் அடித்தவர் பெரியார் எழுத்தில் கோத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. இந்த நோட்டீஸில் 'சென்னை', 'விலை' இரண்டுமே இன்றைய கம்ப்யூட்டர் எழுத்தில் இருந்தன. விற்றவருக்கு அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். மறுநாள் விளம்பரம் காணாமல் போனது. ஒரு வாரம் கழித்து அதே நோட்டீஸ் 1981 என்று திரும்பி வந்தது!

ஆங்கில அச்சு என்றால் வேறு தடயங்கள். 1996க்கு முன் ஆங்கிலத்தில் மெட்ராஸ்தான். பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது; 1968 டிக்கெட்டில் 600 என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருக்கக் கூடாது. 1930களின் ஐரோப்பியப் பந்தய போஸ்டர் என்றால் ரிச்சி தெருவில் விற்கும் புற ஊதா டார்ச் போதும். காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் 1950ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் அந்தக் காலத்துக் காகிதம் இல்லை.

விற்பவரின் பழைய விற்பனைப் பட்டியலையும் திறந்து பாருங்கள். 'உலகிலேயே ஒன்று' என்ற பொருளை மூன்று முறை விற்றிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏலத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் குறைத்துத் தருகிறேன் என்றால் அனுப்பாதீர்கள், புகார் கொடுக்கக்கூட வழி இருக்காது. வெளிநாட்டிலிருந்து வருவதானால் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: உள் லேபிள், தாடை வார், கீழ் விளிம்பு, ஹான்ஸ் குமிழ். எந்தப் பந்தயம் என்பதையும், அவருக்கு யார் வழியாக வந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் படங்களை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன். இது ரேப்ளிகாதான் என்று நேர்மையாகச் சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அலமாரிக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு 90,000 கொடுக்க மாட்டேன்.

என் சென்னா படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. சான்றிதழை மட்டும் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். மாமா எப்போது வந்தாலும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "நல்ல கையெழுத்துடா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்.