"இன்னும் ஒரே ஒரு மேட்ச்மா"

கேள்வி: மகன் பிளஸ் ஒன், கணினி அறிவியல் குரூப். பத்தாம் வகுப்பில் நன்றாகத்தான் மார்க் வாங்கினான். இப்போது இரவு ஒரு மணி வரை போனில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கேட்டால், "புரோ பிளேயர் ஆகப் போறேன், கோடிக் கணக்குல பிரைஸ் இருக்கு" என்கிறான். ஒருநாள் அவன் அப்பா விளையாட்டின் நடுவில் வைஃபையை அணைத்துவிட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. போதாததற்கு 70,000 ரூபாயில் கேமிங் லேப்டாப் வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: வைஃபையை அணைத்ததிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. இந்த விளையாட்டைப் பற்றிப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதை நடுவில் நிறுத்தி வைக்க வழியே கிடையாது என்பது. பிஜிஎம்ஐயின் எராங்கல் மேப் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் அளவுள்ள ஒரு தீவு. நூறு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள், வெறுங்கையோடு இறங்கித் துப்பாக்கி தேடுவார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசி வரை நின்றால் அரை மணி நேரம் ஆகும். உங்கள் மகன் நான்கு பேர் கொண்ட ஸ்குவாடில் ஆடுகிறான். இருபதாவது நிமிடத்தில் அவன் காணாமல் போனால் மற்ற மூவரும் சேர்ந்து தோற்கிறார்கள், அவன் ரேங்க் புள்ளியும் போகிறது. மறுநாள் பள்ளியில் அந்த மூன்று முகங்களைப் பார்க்க வேண்டும். அவன் சாப்பிடாமல் இருந்ததற்கு இந்த அவமானமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் "பத்து மணிக்கு நிறுத்து" என்ற கட்டளை பலிக்காது. பத்தாவது மணி எப்போதுமே மேட்ச்சின் நடுவில்தான் வரும். "ஒன்பதேகாலுக்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். கணக்கை நிமிடத்தில் போடாமல் மேட்ச்சில் போடுங்கள். பள்ளி நாளில் இரண்டு மேட்ச், ஞாயிறன்று ஐந்து. டீம் டெத்மேட்ச் போன்ற சின்ன ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதில் மூன்று சேர்ந்தால் ஒரு மேட்ச். இந்தக் கணக்கு அவனுக்கும் புரியும், ஏமாற்றவும் கடினம்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. எல்லாரும் சமமாக, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வீடு, வேறு ஆயுதம், வேறு எதிரி. இரண்டு நிமிடத்தில் செத்தாலும் அடுத்த நிமிடமே புது லாபி (ஆட்டக்காரர்கள் கூடும் அரங்கு) தயார். பரீட்சையில் தோற்றால் மறுபடி எழுதக் காத்திருக்க வேண்டும், இங்கே தோல்விக்கு ஆயுள் ஒரு நிமிடம். கடைசிப் பத்துப் பேரில் ஒருவனாகப் புல்லுக்குள் படுத்திருக்கும்போது அடிக்கும் நெஞ்சு நிஜமாகவே அடிக்கிறது. பள்ளி, டியூஷன், வீடு என்று சுற்றும் பையனுக்கு மைக்கில் கேட்கும் மூன்று குரல்கள்தான் தெருமுனை, டீக்கடை, கிரிக்கெட் மைதானம் எல்லாம்.

பிடித்து வைப்பதற்கென்றே செய்த வேலைகளும் உண்டு. தொடக்க ரேங்க்குகளில் எதிரே வருபவர்களில் பலர் மனிதர்களே இல்லை, கணினியே ஆட்டும் பாட்கள். சும்மா நின்று சூடு வாங்கும். அதனால் முதல் வாரத்திலேயே புதியவனுக்கு ஒரு சிக்கன் டின்னர் (கடைசி வரை நின்று ஜெயிப்பதற்கு அங்கே அதுதான் பெயர்) கிடைத்துவிடும், "எனக்குத் திறமை இருக்கு" என்று தோன்றிவிடும். சீசன் முடிந்ததும் ரேங்க் கீழே இறங்கும், ஏறிய படியையே மறுபடி ஏற வேண்டும். ஏஸ் என்ற உயர்ந்த ரேங்க் வரை போவதில் திறமைக்குப் பங்கு உண்டு, உட்கார்ந்த மணி நேரத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு. ஆகவே அவன் ஏஸ் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் பாராட்டுங்கள், அதைத் தகுதிச் சான்றிதழாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது துப்பாக்கி இல்லை, தூக்கம். ஸ்குவாட் முழுதாகக் கூடுவது எல்லார் வீட்டிலும் பெரியவர்கள் படுத்த பிறகு. இரவு ஒரு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுபவனுக்கு முதல் பீரியடில் இயற்பியல் ஏறாது. அடுத்தது பணம். யூசி (காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம்) வாங்கி கிரேட் என்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன ஸ்கின் (உடை, துப்பாக்கிக்கான அலங்காரம்) வரும் என்று தெரியாது. ஆட்டத் திறமைக்கு அது தேவையே இல்லை என்றாலும் லாட்டரிச் சீட்டின் ருசி அதில் இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து உங்களுக்குத் தெரியாத அனுமதி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அவன் கணக்கில் பிறந்த வருடம் என்ன போட்டிருக்கிறான் என்றும் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பிஜிஎம்ஐயிலேயே நாளுக்கு 3 மணி நேர வரம்பு உண்டு. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் அது வேலை செய்யாது.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "ரூம் மேட்ச், என்ட்ரி 50 ரூபாய், ஜெயிச்சா 500" என்று வருவதற்கு மட்டும் சமரசமே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்கிறது, இ-ஸ்போர்ட்ஸை (போட்டியாக நடத்தும் வீடியோ விளையாட்டை) தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. என்ட்ரி பணத்தைக் கூட்டி ஜெயித்தவனுக்குக் கொடுப்பது தடுக்கப்பட்ட பக்கத்தில்தான் வரும். போதாக்குறைக்கு, பணம் வசூலித்ததும் குழுவையே கலைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இனி "புரோ பிளேயர்" விஷயம். அவன் சொல்வது பொய் இல்லை. 2021-இல் தொடங்கிய முதல் பிஜிஎம்ஐ சீரிஸில் மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய், பின்னால் வந்தவற்றில் இன்னும் அதிகம். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் இறுதிச் சுற்று லாபியில் இடம் 16 அணிக்கு, அதாவது 64 பேருக்கு. பரிசுப் பணம் நான்காகப் பிரியும், அதிலும் 30 சதவீதம் வரி போகும், அணி நடத்தும் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அதைவிட முக்கியமான ஒன்றை அவனிடமே கேளுங்கள்: மைதானம் யாருடையது? 2020 செப்டம்பரில், பிஜிஎம்ஐக்கு முன்னால் இங்கே இருந்த பப்ஜி மொபைலுக்குத் தடை. 2022 பிப்ரவரியில் இதே மாதிரியான ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதே வருடம் ஜூலையில் பிஜிஎம்ஐ ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது, திரும்பி வந்தது 2023 மே மாதம். அந்தப் பத்து மாதமும் அதையே தொழிலாக நம்பியிருந்தவர்களின் கதியை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை. இது ஒரு நிறுவனத்தின் சரக்கு.

"முடியாது" என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, மூன்று கேள்வி கேட்டால் போதும். மாறாத நான்கு பேர் அணியில் ஸ்க்ரிம்ஸ் (அணிகளுக்கு இடையிலான பயிற்சி ஆட்டம்) ஆடுகிறானா, அல்லது கிடைத்தவர்களோடா? அணியில் அவன் வேலை என்ன: முடிவெடுக்கும் ஐஜிஎல்லா, முன்னால் போய் மோதும் அசால்ட்டரா, சப்போர்ட்டா? சர்வரின் முதல் 500 பேருக்கு மட்டும் கிடைக்கும் கான்கரர் ரேங்க்கை ஒருமுறையாவது தொட்டிருக்கிறானா? மூன்றுக்கும் அவனிடம் தெளிவான பதில் இல்லை என்றால் அவன் ஆட்டக்காரன் இல்லை, ரசிகன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ரசிகனுக்குள் வேறு யாராவது ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த விடுமுறையில் இரண்டு சோதனை வையுங்கள். முதலாவது: பத்து மேட்ச்சை ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து திரும்பப் பார்த்து ஒரு எக்செல் தாளில் எழுத வேண்டும். எங்கே இறங்கினான், எத்தனையாவது நிமிடத்தில் செத்தான், எவ்வளவு தூரத்திலிருந்து, அதற்கு முந்தைய தவறான முடிவு எது. பத்தையும் முடித்துவிட்டு "லேட்டா ரொட்டேட் பண்றதாலதான்மா சாகறேன்" (ரொட்டேட் என்றால் அடுத்த வட்டத்துக்கு நகர்வது) என்று வந்து சொன்னால் அவனுக்குள் ஒரு டேட்டா அனலிஸ்ட் இருக்கிறான். மூன்றாவதிலேயே சலித்துவிட்டால் அதுவும் பதில்தான். இரண்டாவது: கேம் உருவாக்க உதவும் யூனிட்டி என்ற இலவச மென்பொருளின் தளத்தில் "ரோல் எ பால்" என்று ஒரு தொடக்கப் பாடம் இருக்கிறது. ஒரு பந்து உருண்டு பொருள்களைப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை முடித்து, பாடத்தில் இல்லாத ஒரு சுவரோ கதவோ தானாகச் சேர்க்கட்டும். பந்து சுவரை ஊடுருவிப் போகும், சி-ஷார்ப் நிரலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய் அரைநாள் வீணாகும். அந்த எரிச்சலைத் தாண்டுகிறவன்தான் கேம் தயாரிப்புக்கு ஆள். இதில் சோதனையாளர், லெவல் டிசைனர், சர்வர் இன்ஜினியர், ஒளிபரப்பில் கேமரா நகர்த்தும் அப்சர்வர், தமிழில் வர்ணனை செய்பவர் என்று வேலைகள் பல. எதிலும் ரேங்க் கேட்க மாட்டார்கள், செய்து காட்டியதைத்தான் கேட்பார்கள்.

படிப்புக்கு வந்தால், எந்த வழியும் பிளஸ் டூவைத் தாண்டித்தான். பி.இ. கலந்தாய்வு கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் பாதி மார்க்தான் வாங்கினால் அதுவே கட்-ஆஃபைத் தின்றுவிடும், 3டி கேமில் பொருளைத் திருப்புவதற்கும் அதே வெக்டர், மேட்ரிக்ஸ்தான். வடிவமைப்பில் நாட்டம் இருந்தால் பி.டெஸ். (வடிவமைப்புப் பட்டம்) படிக்க ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு உண்டு, எந்த குரூப் மாணவரும் எழுதலாம். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்ஐடி) பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் எம்.டெஸ். இருக்கிறது. லட்சக் கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் டிப்ளமோவில் சேர்க்கும் முன், போன வருட மாணவர்கள் செய்த கேம் மூன்றைப் போனில் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

விளையாட்டை அவனால் கட்டுப்படுத்த முடியவில்லை, சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுவே வருகிறது, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது என்றால் அது ஆலோசகர் வேலை இல்லை, மருத்துவர் வேலை. உலக சுகாதார நிறுவனம் இதை நோயாகச் சொல்ல வழக்கமாக ஒரு வருட காலத்தைப் பார்க்கிறது, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இன்னும் அங்கே போகவில்லை என்றே தோன்றுகிறது.

லேப்டாப். பிஜிஎம்ஐ போனில் ஆடும் விளையாட்டு, அதற்காக லேப்டாப் தேவையே இல்லை. ரோல் எ பால் செய்ய 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும், கொஞ்சம் திணறும், ஆனால் ஓடும். யாரிடமாவது இரவல் வாங்கிக்கூடக் கொடுக்கலாம். சுவர் சேர்த்த பந்து ஆட்டத்தை அவன் கொண்டுவந்து காட்டும் நாளில் 16 ஜிபி லேப்டாப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.