உயரம் குறைந்த பிள்ளைகளுக்குச் சீன மருத்துவம்: கேள்வி பதில்

கேள்வி: பையன் குள்ளமாக இருக்கிறான் என்று போனால், சீன வைத்தியர் "சிறுநீரகம் பலவீனம்" என்கிறார். பயப்பட வேண்டுமா?

பதில்: ஸ்கேனில் தெரியும் சிறுநீரகத்தில் கோளாறு என்று அவர் சொல்லவில்லை. பெற்றோர் வழி வரும் 'ஜிங்' என்னும் சாரம் அங்கே தங்கி எலும்பை வளர்க்கிறது என்பது சீன மரபு. பிறந்த பிறகு அதற்கு ஊட்டம் தருவது மண்ணீரல் என்றும் சொல்வார்கள், அந்த மரபில் மண்ணீரல் என்றால் செரிமானம்.

கேள்வி: 'லியூ வெய் தி ஹுவாங்' மாத்திரை குழந்தைகளுக்காகவே செய்ததாமே? வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: குழந்தைகளுக்காகச் செய்தது உண்மைதான். சீனாவின் சோங் அரச வம்சக் காலத்துக் குழந்தை மருத்துவர் சியன் யி, பழைய சிறுநீரக மருந்து ஒன்றிலிருந்து இலவங்கப்பட்டை, வசநாபி என்ற இரண்டு சூடான சரக்குகளை எடுத்துவிட்டு மீதி ஆறை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் உடம்பே சூடு, இன்னும் ஏற்றக் கூடாது என்பது காரணம். உச்சிக்குழி மூடாத, வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதில் முதன்மையான தி ஹுவாங் கிழங்கு மந்தம் தரும். சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குக் கொடுத்தால் இருக்கிற பசியும் போய்விடும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 6 வயது மகள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். மசாஜ் உதவுமா?

பதில்: 'நியே ஜி' செய்து பார்க்கலாம். குப்புறப் படுக்கவைத்து, வால் எலும்பிலிருந்து கழுத்து வரை முதுகுத்தண்டின் மேல் தோலை இரு கையாலும் மெல்லக் கிள்ளி உருட்டிக்கொண்டே போவார்கள். கடைசிச் சுற்றுகளில் மூன்று கிள்ளலுக்கு ஒரு முறை தோலைச் சற்றுத் தூக்கிவிடுவார்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், முதுகில் புண் இருந்தாலும் வேண்டாம். பசிக்காகச் செய்யுங்கள், உயரத்துக்காக அல்ல.

கேள்வி: உயரத்துக்கு மான் கொம்பு மருந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பருவம் முந்திவிடும் என்று சீன மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். பருவம் முந்தினால் எலும்பு முனைகளும் சீக்கிரம் மூடிக்கொள்ளும், அப்புறம் வளர்ச்சி இல்லை.

கேள்வி: ஒரு வருடம் கஷாயம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போகலாமா?

பதில்: தயவுசெய்து முதலில் டாக்டரிடம் போங்கள். 3 வயதுக்கு மேல், பருவத்துக்கு முன், வருடத்துக்கு 5 செ.மீ.கூட வளரவில்லை என்றால் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் பார்க்க வேண்டும். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதும் பார்ப்பார்கள். ஹார்மோன் குறைபாட்டை எந்தக் கஷாயமும் ஈடுகட்டாது. வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்துவையுங்கள். எப்போதும் காலையிலேயே அளவெடுங்கள். சாயங்காலம் ஒரு செ.மீ. வரை குறைவாகக் காட்டும்.