வட்டியில்லாக் கடனில் தீபாவளி

கேள்வி: சிங்கப்பூரில், பொங்கோலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் இ-பாஸில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதி) வேலை பார்க்கிறேன். சம்பளம் 7,800 வெள்ளி. மனைவி வேலைக்குப் போகவில்லை, இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட், இரு வீட்டாருக்கும் துணிமணி, தங்கைக்குத் தீபாவளி வரிசை, பொங்கல் சீர் என ஆண்டுக்கு 9,000 வெள்ளி ஆகிறது. “சிங்கப்பூரில் இருப்பவன் நீதானே, நீயே பார்த்துக்கொள்” என்கிறார் அண்ணன். கடன் அட்டையில் ஆறு மாதம் வட்டியில்லாமல் கிடைக்கும் ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ கடனை எடுத்துச் சமாளித்தேன். குறைந்தபட்சத் தொகையையே கட்டி வந்ததால் மூன்று ஆண்டுகளில் கடன் 14,000 ஆகிவிட்டது. இப்போது மாதம் 700 கட்டுகிறேன். வீடு கட்டுவதற்கென்று ஊரில் என்ஆர்இ வைப்பில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி வைப்பு) நாலரை லட்சம் ரூபாய் இருக்கிறது. இங்கே பண்டிகை கொண்டாட ஆகும் 350 வெள்ளியை நிறுத்திவிடலாமா? பண்டிகைச் செலவுக்கென முதலீட்டுடன் கூடிய காப்பீடு ஒன்றை எடுக்கச் சொல்கிறார் ஒரு முகவர்.

பதில்: நிறுத்தாதீர்கள். பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறைகூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அன்று பண்டிகை என்று தெரிவது, தேக்கா சந்தையில் வாங்கிய கரும்பும் மஞ்சள் கொத்தும் உங்கள் சமையலறையில் இருப்பதால்தான். அந்த 350 வெள்ளியை மிச்சம் பிடித்தால், உங்கள் கடனுக்கு ஒரு மாத வட்டி கட்டலாம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

உங்களைக் கெடுப்பது அந்த ‘வட்டியில்லாத’ கடன். கணக்கைப் பாருங்கள். அக்டோபரில் 9,000 எடுக்கிறீர்கள். கட்டணம் இரண்டரை சதவீதம் என்றால் 225 வெள்ளி அப்போதே போய்விடுகிறது. மாதம் மூன்று சதவீதமான குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், ஆறு மாதம் கழித்து ஏறத்தாழ 7,500 பாக்கி நிற்கும். அன்றிலிருந்து கடன் அட்டை வட்டி, ஆண்டுக்கு 26 சதவீதத்தை ஒட்டி. அதாவது மாதம் 160 வெள்ளி. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகையான 225-இல் அசலுக்குப் போவது 65 வெள்ளிதான். அடுத்த தீபாவளி வரும்போது பழைய கடன் 7,000-க்கு மேல் அப்படியே இருக்கும்; அதன் தலையில் இன்னொரு 9,000 ஏறும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

என்ஆர்இ வைப்பை உடையுங்கள். ஊரில் ஆறேழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே 26 சதவீதம் கட்டுவதற்கு வீடு கட்டும் கனவு ஒரு காரணமாகாது. ஓராண்டு நிறைந்திருந்தால் வட்டியைச் சற்றுக் குறைத்துத் தருவார்கள். நிறையாவிட்டால் வட்டியே கிடைக்காது. அப்போதும் லாபம்தான். ஏறத்தாழ 6,000 வெள்ளி வரும். மீதி 8,000-ஐ ஒரே வங்கியில் ஓராண்டுத் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வட்டியை நம்பாமல் ‘எஃபெக்டிவ்’ வட்டி, அதாவது குறைந்துவரும் பாக்கிக்கு உண்மையில் விழும் வட்டி, எவ்வளவு என்று கேளுங்கள். அது பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும். அது எட்டு சதவீதம் என்றால்கூட மாதத் தவணை 700-க்குள் அடங்கும். இப்போது கட்டும் அதே பணத்தில் பன்னிரண்டு மாதத்தில் கடன் முடிந்துவிடும். ஒரே ஒரு அட்டையை வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்யுங்கள்.

இதில் நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. இ-பாஸில் இருப்பவருக்கு மத்திய சேமநிதி கிடையாது. வேலை போனால், பாஸ் ரத்தானபின் பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்க முடியும். வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் 14,000 வெள்ளி அட்டைக் கடனோடு நீங்கள் நிற்கக் கூடாது.

காப்பீட்டை விட்டுவிடுங்கள். இத்தகைய பல திட்டங்களில் முதல் சில ஆண்டுகளில் கட்டும் பணத்தில் கணிசமான பங்கு கட்டணங்களுக்கே போகும். இரண்டாம் ஆண்டு தீபாவளிக்கு எடுக்கப் போனால் கட்டியதைவிடக் குறைவாகவே கையில் வரும். ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பணத்தைப் போய் நீண்ட காலத் திட்டத்தில் போடச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடன் தீர்ந்தபின் மாதம் 400 வெள்ளியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். ஆண்டுக்கு 4,800. அதற்குள் அடங்கும் பயணமும் துணியும் போதும்.

இந்தத் தீபாவளி சிங்கப்பூரில்தான். டிக்கெட் எடுக்க வேண்டாம். பெற்றோருக்கு மனவருத்தம் இருக்கும். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

அண்ணனிடம் மட்டும் பேசித்தான் ஆக வேண்டும். தங்கைக்குச் சீர் செய்வது நல்ல வழக்கம், அது நிற்க வேண்டியதில்லை. ஆனால் அது உடன்பிறந்த இருவருக்கும் பொது. “அண்ணே, இந்த ஆண்டு வரிசைக்கும் சீருக்கும் சேர்த்து என் பங்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய், மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊரில் அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள். கடன் விவரத்தையும் மறைக்காதீர்கள், அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது. ஆடி பிறந்ததும் பேசிவிடுங்கள். புரட்டாசிவரை தள்ளிப்போட்டால் அவர் ஜவுளிக்கடைக்கே போய் வந்திருப்பார்.