விளக்கைச் சற்றுக் கீழே வைப்போம்: நைட்டிங்கேல் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி, அதன் பிற்பாதியைத் தாதியர் பயிற்சி ஆசிரியராகக் கழித்து ஓய்வுபெற்றவள் நான். புளோரன்ஸ் நைட்டிங்கேலின் கடிதங்களையும் அறிக்கைகளையும் படிப்பது என் நெடுநாள் பழக்கம் என்பதால், நம் வாசகர் வட்டத்து அன்பர்கள் தத்தம் வட்டாரப் பெயரோடு அவரைப் பற்றி அனுப்பிய கேள்விகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்குப் பிடித்த கேள்விகளுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஈசூன், தாதிமை மாணவி: நைட்டிங்கேல் அம்மையார் சென்ற பிறகு ஸ்குடாரி மருத்துவமனையில் இறப்பு 42 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்ததாக எங்கள் வகுப்பில் படித்தோம். தாதியரின் கவனிப்பு மட்டுமே இதைச் சாதித்ததா, அம்மா?

எண்கள் சரி, அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் நோயுற்ற, காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் இஸ்தான்புல்லை ஒட்டிய ஸ்குடாரிக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். அவர் 38 பெண்களோடு அங்கே சேர்ந்தது 1854 நவம்பர் தொடக்கத்தில். நீங்கள் சொல்லும் 42 விழுக்காடு 1855 பிப்ரவரி மாதத்து எண். அதாவது, அவர் வந்து மூன்று மாதங்கள் கழித்து, அவர் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தபோதுதான் இறப்பு உச்சத்தைத் தொட்டது. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் முகம் வாடிவிடும்.

அந்தக் கட்டடம் துருக்கியப் படையினரின் பாளையம், மருத்துவமனையாகக் கட்டப்பட்டதன்று. அடியில் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன, கழிவறைகளின் நாற்றம் கூடங்களுக்குள் ஏறியது, சன்னல்கள் திறக்கப்படவில்லை. கருங்கடலைக் கடந்து கப்பலில் வந்து இறங்கிய வீரர்களில் பெரும்பாலோர் குண்டடி பட்டவர்கள் அல்லர். வயிற்றுப்போக்கும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியும், பனிக்கடியும் கண்டவர்கள். நைட்டிங்கேல் அவர்களுக்குச் சட்டை வாங்கினார், சமையலறை அமைத்தார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், காயங்களைத் துடைக்கச் சுத்தமான துணி கிடைக்க வழி செய்தார். ஆயினும், ஒருவன் படுத்திருக்கும் தரைக்கு அடியிலேயே நோய் தேங்கியிருக்கும்போது, அவனுக்கு நல்ல கஞ்சி கொடுத்தால் மட்டும் போதாது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் சாக்கடைகளைக் கழுவிவிட்டு, குப்பையையும் செத்த விலங்குகளையும் அப்புறப்படுத்தி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டத்தை ஏற்படுத்தியது. ஜூன் மாதத்தில் எண் 2 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. தேர்வில் எழுதும்போது ஆணையத்தை விட்டுவிடாதீர்கள்.

தெம்பனிஸ்: அவர் கையில் ஏந்திய விளக்கு எப்படிப்பட்டது? தாதியர் சின்னங்களில் அகல் விளக்குப் போல் ஒன்று இருக்கிறதே?

சின்னத்தில் இருப்பது கிரேக்கப் பாணி எண்ணெய் விளக்கு, அழகுக்காக வரைந்தது. அவர் ஏந்தியது துருக்கிய மடிப்பு விளக்கு. உள்ளே மெழுகுவத்தி, சுற்றிலும் மடித்து விரிக்கக்கூடிய துணி அல்லது காகிதக் கூண்டு. மூன்கேக் விழாவின்போது நம் அடுக்குமாடிகளின் கீழே பிள்ளைகள் குச்சியில் மாட்டித் தூக்கிச் செல்லும் காகித விளக்கை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். அவர் இரவில் சுற்றிவந்ததை ‘டைம்ஸ்’ பத்திரிகை 1855இல் எழுதியது. 1857இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ அதைக் கவிதையாக்கினார். அன்றிலிருந்து விளக்கு மட்டும் தங்கிவிட்டது, அம்மையார் மறைந்துவிட்டார்.

செங்காங், உயர்நிலை 2 மாணவர்: பள்ளித் திட்டப்பணிக்காக அவருடைய பிறப்பு, குடும்பம், பொன்மொழிகள் வேண்டும்.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார்; ஊர்ப் பெயரே அவர் பெயரானது. நேப்பிள்ஸில் பிறந்த அக்காளுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தெனோப்பி வாய்த்தது. வசதியான ஆங்கிலக் குடும்பம். தாய்வழிப் பாட்டனார் அடிமை முறையை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினர். மற்றவற்றை நூலகத்தில் தேடி எடுப்பதுதான் திட்டப்பணி, தம்பி. பொன்மொழிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: இணையத்தில் அவர் பெயரில் உலவுபவற்றில், எந்தக் கடிதத்தில், எந்த ஆண்டில் எழுதினார் என்று காட்ட முடியாத எதையும் உங்கள் ஏட்டில் ஒட்டாதீர்கள்.

தோ பாயோ, ஓய்வுபெற்ற கழிவுநீர்த் துறை ஊழியர்: முதல் பதிலின் முன்வரைவை வட்டத்தில் வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். வாளிக் கழிவறைகள் இருந்த காலத்திலிருந்து இந்த ஊரின் சாக்கடைகளில் வேலை பார்த்தவன் நான். உயிர்களைக் காத்தது சாக்கடையைச் சுத்தம் செய்தவர்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டபின், சிலையும் பெருமையும் தாதிக்கு ஏன்?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே நான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். சுகாதார ஆணையத்தில் இருந்தவர்களில் முக்கியமான இருவர் ஜான் சதர்லாந்து என்ற மருத்துவரும் ராபர்ட் ராலின்சன் என்ற பொறியாளரும். ஆணையமே பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றியது என்று எழுதியவர் வேறு யாருமல்லர், நைட்டிங்கேல்தான். உங்கள் கட்சிக்கு முதல் சாட்சி அவரே.

ஆனால் பெருமைக்கான காரணத்தை நீங்கள் தேடும் இடம் ஸ்குடாரி; நான் தேடும் இடம் அவர் திரும்பி வந்த பிறகான லண்டன். 1856 ஆகஸ்டில் ‘மிஸ் ஸ்மித்’ என்ற பெயரில், வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று ஒளிந்து வீடு திரும்பியவர், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து இறப்புப் பதிவேடுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். போரின்போது எழுதிய கடிதங்களில் உணவு, உடை, சரக்கு வராத தாமதம் பற்றியே அதிகம் முறையிட்டவர், இந்தக் கணக்குக்குப் பிறகு காற்று, தண்ணீர், சாக்கடை என்று பேசத் தொடங்கினார். அந்தப் போரில் இறந்த சுமார் 21,000 பிரிட்டிஷ் வீரர்களில் 16,000க்கும் மேற்பட்டோர் நோயால் மாண்டவர்கள். தம் கண்ணெதிரே, தம் பொறுப்பில் இருந்த கூடங்களிலேயே அவர்களில் பலர் இறந்ததை எண்களில் பார்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரு தாதியாக என்னால் உணர முடிகிறது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு வார்டில் கைகழுவும் தொட்டி பல வாரங்கள் அடைத்துக் கிடந்தது. நாங்கள் புண்களுக்கு மருந்திட்டுக்கொண்டே இருந்தோம். தொட்டியைப் பற்றி எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றியது. 1857இல் படையினரின் உடல்நலத்தை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைய வழி செய்தார். அதற்காக அவர் தயாரித்த கணக்குகளில் என்னை உலுக்கியது போர்க்காலக் கணக்கன்று, சமாதானக் காலத்துக் கணக்கு. இங்கிலாந்திலேயே, போரே இல்லாத நாள்களில், பாளையங்களில் வாழ்ந்த இளம் வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 17 முதல் 20 பேர் வரை இறந்தார்கள். அதே வயதுப் பொதுமக்களில் 11 பேர்தான். ஆண்டுதோறும் 1,100 பேரைத் திடலில் நிறுத்திச் சுடுவது எவ்வளவு குற்றமோ அவ்வளவு குற்றம் இது என்று எழுதினார். அமைச்சர்கள் அட்டவணையைப் படிக்க மாட்டார்கள் என்பதை அறிந்து, மாதத்துக்கு ஒரு கூறாக வட்டத்தைப் பிரித்து, நோயால் இறந்தவர்களை நீல நிறத்தில் காட்டும் வரைபடத்தை 1858இல் அச்சிட்டார். அந்த நீலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாக்கடையைச் சுத்தம் செய்தவர்கள் ஒரு கட்டடத்தைக் காத்தார்கள். அதை எல்லாக் கட்டடங்களுக்கும் விதியாக்கப் பாடுபட்டவர் இவர். இதற்காகவே பெருமை.

தோ பாயோ, அதே ஐயா: காகிதத்தில் எழுதியவருக்குச் சிலை, சேற்றில் இறங்கியவனுக்கு ஒன்றுமில்லை என்பதைத்தான் நீங்கள் நீட்டிச் சொல்லியிருக்கிறீர்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். சாக்கடைக்குள் உண்மையில் இறங்கிய கூலியாள்களின் பெயர் ராலின்சனின் பெயரளவுக்குக்கூட நிற்கவில்லை. ஆனால் எழுதாத இடத்தில் சாக்கடை மறுபடி அடைத்துக்கொள்ளும் என்பதை உங்களைவிட யார் அறிவார்? 1987 வரை இங்கே வாளி முறை நீடித்ததற்கும், பின்னர் அது ஒழிந்ததற்கும், சேற்றில் இறங்கியவர்களோடு திட்டம் தீட்டியவர்களும் காரணம் அல்லவா? சதர்லாந்து அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நைட்டிங்கேலின் வேலைத் துணையாக இருந்தார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடோக்: விளக்கேந்திய மங்கை என்ற பெயர் எப்படி வந்தது?

தெம்பனிஸ் வாசகருக்கான பதிலைப் பார்க்கவும்.

சிராங்கூன்: ஜான்சி ராணிப் படையிலும் தாதியர் இருந்தார்களாமே? அவர்களைப் பற்றி எழுதுங்களேன்.

இருந்தார்கள். 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் முகாம் தொடங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் அந்தப் பெண்கள் படையில் சாந்த் பீபி தாதியர் அணி என்றே ஒரு பிரிவு உண்டு. அது தனி வரலாறு. அதை அறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்க, நான் மேம்போக்காக எழுதுவது முறையாகாது.

புக்கிட் பாத்தோக்: ஜமைக்காவின் மேரி சீக்கோலை மறைத்து நைட்டிங்கேலை உயர்த்தினார்கள் என்கிறார்களே?

சீக்கோல் தம் சொந்தச் செலவில் கிரிமியா சென்று, பாலக்கிளாவா அருகே விடுதி நடத்தி, வீரர்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தவர். லண்டனில் அவருடைய விண்ணப்பத்தை ஏற்கவில்லை. நிறத்தினால்தானோ என்று அவரே தம் நூலில் வருந்துகிறார். 1870இல் நைட்டிங்கேல் எழுதிய ஒரு கடிதம் சீக்கோல் செய்த நன்மையை ஒப்புக்கொண்டு, அவர் விடுதியில் குடி அதிகம் என்று முகம் சுளிக்கிறது. எனக்குப் பிடிக்காத கடிதம் அது. அதேவேளை, ஸ்குடாரியில் நைட்டிங்கேல் தமக்கு இரவு தங்க இடம் ஏற்பாடு செய்ததையும் சீக்கோல் அன்போடு எழுதியிருக்கிறார். 2016இல் சீக்கோலுக்குச் சிலை எழுந்த இடம், நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி 1860இல் பிறந்த புனித தாமஸ் மருத்துவமனையின் வளாகம். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும் பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை.

ஜூரோங் வெஸ்ட்: அவருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்டாரே! அவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. ஆனால் ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்தியாவைப் பற்றி எழுதினார். தொடக்கத்தில் அவருடைய கவலை பிரிட்டிஷ் படைவீரர்கள் மட்டுமே. இந்தியாவில் அவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்ததை 1863இல் வெளிவந்த, இந்தியாவிலிருந்த படை பற்றிய மற்றோர் ஆணையத்தின் அறிக்கை காட்டியது. அதற்காக ஒவ்வொரு படைநிலையத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பி, வந்து குவிந்த பதில்களைப் படுக்கையில் இருந்தபடியே படித்தார். கிரிமியாவில் கண்ட காய்ச்சலின் பின்விளைவால் அவர் பல்லாண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஊர் அழுக்காக இருக்கையில் பாளையம் மட்டும் சுத்தமாக இருக்க முடியாது என்று அந்தப் பதில்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தன. ஊரைப் பார்க்கத் தொடங்கியவர் உழவரைப் பார்த்தார். உழவரைப் பார்த்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அங்கேதான் ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வருகிறார். கொள்ளிடத்தில் 1836இல் அணை எழுப்பித் தஞ்சை வயல்களுக்குக் காவிரி நீரை மீட்டுக்கொடுத்த அதே காட்டன்தான். ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிடுங்கள் என்று காட்டன் சொன்னதை நைட்டிங்கேல் முழுமூச்சாக ஆதரித்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் உலுக்கியது. நம் முன்னோர் பலர் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய காலம். 1878இல் அவர் எழுதிய ‘இந்திய மக்கள்’ என்ற கட்டுரை, இந்திய மக்கள்மீது நமக்கு அக்கறை இல்லை என்ற குற்றச்சாட்டோடு தொடங்குகிறது. ‘நமக்கு’ என்று அவர் சொன்னது ஆங்கிலேயரை. பஞ்சத்தோடு நிறுத்தாமல், வட்டிக்கடனில் உழவர் நிலமிழப்பதையும் அதில் எழுதினார்.

பேரரசு இருக்கவே கூடாது என்று அவர் எண்ணியதில்லை. அதைச் செம்மைப்படுத்த முடியும் என்றுதான் கடைசிவரை நம்பினார். அந்த வரம்பைச் சொல்லாமல் அவரை நம் ஊர்த் தியாகியாக்கிவிடக் கூடாது.

உட்லண்ட்ஸ், பணியில் உள்ள தாதி: நாங்கள் எடுத்த நைட்டிங்கேல் உறுதிமொழியை அவரே எழுதினாரா? தாதியர் தினம் ஏன் இங்கே ஆகஸ்டில் வருகிறது?

உறுதிமொழி 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எழுதப்பட்டது. அவர் பெயர் மட்டுமே அதில் உண்டு. பொன்மொழிகளைப் பற்றி நான் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். அனைத்துலகத் தாதியர் தினம் அவர் பிறந்த மே 12. நம் ஆகஸ்ட் 1, கன்னிமட சகோதரியர் 1885இல் சிப்பாய் லைன்ஸ் பொது மருத்துவமனையில் பணி தொடங்கியதை நினைவுகூர்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், சகோதரி: தாதியரைத் தேர்வு வைத்து அரசுப் பதிவேட்டில் சேர்க்கும் யோசனையை நைட்டிங்கேல் எதிர்த்தார். நற்குணத்தைத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். அதில் அவர் தவறு செய்தார் என்றே கருதுகிறேன்.

பொங்கோல்: என் மகளைத் தாதிமை படிக்க அனுப்பலாமா?

மகளிடம் கேளுங்கள்.

அங் மோ கியோ: அந்த விளக்கு இப்போது எங்கே இருக்கிறது?

மூன்றாவது விளக்கு! லண்டனில், புனித தாமஸ் மருத்துவமனை வளாகத்து நைட்டிங்கேல் அரும்பொருளகத்தில் ஸ்குடாரி விளக்கு ஒன்றைக் காணலாம்.

தோ பாயோ, மீண்டும் அதே ஐயா: அவர் கல்லறையிலாவது சாக்கடையைப் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறார்களா?

இல்லை, ஐயா. விளக்கைப் பற்றியும் இல்லை. 1910 ஆகஸ்ட் 13 அன்று இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்து, ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூரில் அடக்கம் செய்தார்கள். கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே உள்ளன.