போனிஃபாசியோவைக் கொன்றது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான பிலிப்பைன்ஸ் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவுக்கு ஒரே ஒரு பத்திதான். புரட்சியைத் தொடங்கியவரைப் புரட்சிக்காரர்களே சுட்டுக்கொன்றார்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். பதவி ஆசையில் இன்னொரு புரட்சித் தளபதி அகினால்டோ செய்த கொலைதானே அது? ஏன் பூசி மெழுகுகிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

கொலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பதவி ஆசை என்று மட்டும் சொல்லி வழக்கை முடித்துக்கொள்வதில்தான் தயக்கம்.

போனிஃபாசியோ மணிலாவின் தோண்டோ பகுதிக்காரர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பிறகு வெளிநாட்டு வணிக நிறுவனங்களில் வேலை; கடைசியில் கிடங்குப் பொறுப்பு. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஆனால் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றையும் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ரிசாலின் நாவல்களையும் தேடிப் படித்தார். 1892 ஜூலையில் தோழர்களுடன் கத்திபுனான் ரகசிய இயக்கத்தைத் தொடங்கினார்.

1896 ஆகஸ்டில் ரகசியம் வெளிப்பட, ஸ்பானிய அரசின் வரிச்சீட்டுகளைக் கிழித்தெறிந்து போர் தொடங்கியது. மணிலாவை ஒட்டிய சான் ஹுவானில் போனிஃபாசியோவுக்குத் தோல்வி. அதே நாட்களில் கவீத்தே மாகாணத்தில் அகினால்டோ வெற்றி பெற்றுக்கொண்டிருந்தார். தோற்ற தளபதியைவிட வென்ற தளபதியை வீரர்கள் நம்புவது இயல்பு. இதை மறைத்தால் அகினால்டோவை வில்லனாக்குவது எளிது.

ஆனால் 1897 மார்ச் 22 அன்று, புரட்சி அரசின் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க கவீத்தேயின் தேஹேரோஸில் கூடிய கூட்டத்தில் நடந்ததை வெற்றி தோல்விக் கணக்கில் அடக்க முடியாது. யார் தேர்வானாலும், படிக்காதவரே ஆனாலும், மதிக்க வேண்டும் என்று வாக்கெடுப்புக்கு முன்பே கூட்டத்திடம் ஒப்புதல் வாங்கியிருந்தார் போனிஃபாசியோ. தலைவர் பதவி அங்கே வராத அகினால்டோவுக்குப் போனது. அதை ஏற்றுக்கொண்டார். அடுத்தடுத்த பதவிகளும் மற்றவர்களுக்கு. கடைசியில் உள்துறை அவருக்குக் கிடைத்தபோது கவீத்தேக்காரரான டானியல் திரோனா எழுந்து, வழக்கறிஞர் பட்டமில்லாதவருக்கு இந்தப் பதவி கூடாது என்றார். போனிஃபாசியோ துப்பாக்கியை உருவினார். இன்னொரு புரட்சித் தளபதி ரிகார்ட்டே அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இயக்கத் தலைவர் என்ற முறையில் கூட்டத்தின் முடிவுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு போனிஃபாசியோ வெளியேறினார். அந்த அறிவிப்பு அரசியல் ரீதியாகத் தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் இயக்கத்தைப் பெற்றெடுத்தவனிடம் பட்டத்தைக் காட்டு என்று கேட்ட வாய் எந்த வர்க்கத்தின் வாய்? கவீத்தேயின் நிலமும் படிப்பும் உள்ள குடும்பங்கள் புரட்சியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட நாள் அது. அகினால்டோ அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

அதன்பின் நடந்தவை அசிங்கமானவை. ஏப்ரலில் அகினால்டோவின் ஆட்கள் போனிஃபாசியோவைப் பிடிக்கப் போனபோது தம்பி சிரியாகோ கொல்லப்பட்டார். அவருக்குக் கழுத்தில் காயம். மராகொந்தோன் ஊரில் புரட்சிப் படையின் நீதிமன்றத்தில் விசாரணை, மரண தண்டனை. அகினால்டோ அதை முதலில் நாடுகடத்தலாகக் குறைத்தார். தளபதிகள் பியோ டெல் பிலாரும் மரியானோ நோரியெலும் வற்புறுத்த, குறைப்பை ரத்து செய்தார். இதில் நோரியெல் அந்த நீதிமன்றத்துக்கே தலைமை வகித்தவர். டெல் பிலாரோ சில வாரங்களுக்கு முன்புவரை போனிஃபாசியோ அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர்! மே 10 அன்று போனிஃபாசியோவும் இன்னொரு தம்பி புரோகோபியோவும் கொல்லப்பட்டார்கள்.

இரண்டு தலைமை இருந்தால் போர் சிதறிவிடும் என்பதே அன்றும் இன்றும் சொல்லப்படும் நியாயம். அதே ஆண்டு டிசம்பரில் அகினால்டோ ஸ்பெயினுடன் உடன்படிக்கை செய்து, பணம் பெற்றுக்கொண்டு தோழர்களுடன் ஹாங்காங் போய்விட்டார்.