94லயே நிக்குது சார்!

கேள்வி: 500 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பிளான் சார். மோடத்துல லேப்டாப்ப நேரா சொருகினா 480 வருது. நடுவுல ஒரு பழைய பிசில பிஎஃப்சென்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் போட்டு ஃபயர்வாலா வெச்சிருக்கேன், அது வழியா போனா 94. காலைல 94, ராத்திரி 94. ரூல் எல்லாத்தையும் அழிச்சுப் பார்த்தாச்சு, ரெண்டு தடவ ரீஇன்ஸ்டாலும் பண்ணியாச்சு. பேசாம புது பாக்ஸ் வாங்கிடவா?

பதில்: ஐயோ, வாங்காதீங்க. உங்க கேள்விலயே பதில் இருக்கு, அந்த 94 தான். ஃபயர்வால் திணறுச்சுன்னா ஸ்பீடு ஒரே நம்பர்ல இப்படி ஆணி அடிச்ச மாதிரி நிக்காது, ஒருக்கா 180 வரும், ஒருக்கா 230 வரும், ஆடிக்கிட்டே இருக்கும். 94ன்னு நிக்குதுன்னா எங்கயோ ஒரு லிங்க் 1000க்கு பதிலா 100ல ஓடுதுன்னு அர்த்தம். அப்புறம் ஏன் 100 வரலன்னு கேப்பீங்க. ஒரு முழு பாக்கெட் கம்பில 1538 பைட் இடத்த அடைச்சுக்குது, அதுல உங்க டேட்டா 1448 பைட்தான், மிச்சமெல்லாம் விலாசம், இடைவெளி, அது இதுன்னு போயிடும். வகுத்துப் பாருங்க, 94 சொச்சம் வரும்.

சரி, 100ல ஏன் ஓடுது? பெரும்பாலும் கேபிள்தான். 100 எம்பிபிஎஸ்க்கு கேபிளுக்குள்ள நாலு கம்பி போதும், 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். மிச்ச நாலுல ஒண்ணு உள்ள விட்டுப்போனாலும் நிறைய நெட்வொர்க் கார்டுங்க சத்தம் போடாம 100க்கு இறங்கிடும், லைட் எரியும், நெட் வரும், நமக்கு ஒண்ணுமே தெரியாது. நான் ஒரு ஞாயித்துக்கிழம முழுக்க செட்டிங்கோட மல்லுக்கட்டினேன், கடைசில பார்த்தா கதவு இடுக்குல கேபிள் நசுங்கிக் கிடந்துச்சு.

நீங்க செய்ய வேண்டியது, பிஎஃப்சென்ஸ்ல ஸ்டேட்டஸ் மெனுவுல இன்டர்ஃபேசஸ் போங்க. வேன் (மோடம் பக்கம்), லேன் (வீட்டுப் பக்கம்) ரெண்டுக்கும் மீடியான்னு ஒரு வரி இருக்கும், அது 1000ல ஆரம்பிக்குதா 100லயான்னு பாருங்க. எது 100ன்னு காட்டுதோ அந்தப் பக்கத்து கேபிள கழட்டிட்டு, மோடத்துல நேரா போட்டு 480 வந்தப்ப எந்த கேபிள் யூஸ் பண்ணீங்களோ அதையே போடுங்க, அது நல்ல கேபிள்னு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு இல்ல. அப்பவும் 100தான்னா அந்த பிசில இருக்கிற நெட்வொர்க் கார்டே பழைய 100 கார்டா இருக்கலாம். ரெண்டு பக்கமும் 1000ன்னு காட்டினா ஃபயர்வாலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்கிற ஸ்விட்ச பாருங்க. ஒண்ணு மட்டும் வேணாம், கோவத்துல ஒரு பக்கம் மட்டும் ஸ்பீட கைல ஃபிக்ஸ் பண்ணிடாதீங்க. எதிர்ப்பக்கம் ஆட்டோல இருந்தா அது ஹாஃப் டூப்ளெக்ஸ்க்கு, அதாவது ஒரு நேரத்துல ஒரு திசைலதான் டேட்டா போற முறைக்கு போய், 94 வந்துட்டு இருந்த இடத்துல அதுவும் வராம போயிடும்.

கேள்வி: எனக்கு ஸ்பீடு 200க்கும் 250க்கும் நடுவுல ஆடுது. லிங்க் ரெண்டும் 1000தான். சிபியு 25 பர்சென்ட்க்கு மேல போகவே இல்ல, அப்ப ஃபயர்வால் மேல தப்பு இல்லதானே?

பதில்: நாலு கோர் பிராசசரா? அப்ப 25ன்னா ஒரு கோர் மூச்சு முட்டி நிக்குது, மிச்ச மூணும் சும்மா உக்காந்திருக்குன்னும் அர்த்தம் இருக்கு. கோர் கோரா பிரிச்சுப் பாருங்க. உங்க கனெக்‌ஷன் யூசர்நேம் பாஸ்வேர்டு போடுற பிபிபிஓஇயா இருந்தா இது ரொம்ப சகஜம், ஏன்னா உள்ள வர்ற டிராஃபிக்க பல கோருக்குப் பிரிச்சுக் குடுக்கிற வேலைய பல கார்டுங்க ஐபி அட்ரஸ் பார்த்துதான் செய்யுது, பிபிபிஓஇ உறைக்குள்ள அட்ரஸ் ஒளிஞ்சு கிடக்கிறதால எல்லாத்தையும் ஒரே கோர் தலைல கட்டிடும். பிஎஃப்சென்ஸ் 2.8ல இதுக்குன்னே புது டிரைவர் வந்திருக்கு, ஆனா அட்வான்ஸ்டு செட்டிங்ல நாமதான் ஆன் பண்ணணும். சூரிகாட்டா மாதிரி ஒவ்வொரு பாக்கெட்டையும் சோதிக்கிற சாஃப்ட்வேர் ஏதாவது ஓடுதுன்னா அத முதல்ல நிறுத்திட்டு ஒரு டெஸ்ட் எடுங்க, வித்தியாசம் உடனே தெரியும். ஐபெர்ஃப்ங்கிற ஸ்பீடு டெஸ்ட் டூல் போட்டுப் பார்க்கிறவங்க ஃபயர்வால் மேலயே ஓட்டாதீங்க, அந்த டெஸ்ட்டே சிபியுவ தின்னும். இந்தப் பக்கம் ஒரு மெஷின், அந்தப் பக்கம் ஒரு மெஷின் வெச்சு ஓட்டுங்க.

கேள்வி: ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாம் ஃபுல்லா வருது, ஆனா போட்டோ பேக்கப் ஓடும்போது வீடியோ கால் உறைஞ்சுபோகுது. ஏன்?

பதில்: இதுக்கு ஸ்பீடு டெஸ்ட் நம்பர பார்த்துப் பிரயோஜனம் இல்ல, பிங்க, அதாவது ஒரு பாக்கெட் போய்ட்டு திரும்பி வர்ற நேரத்த பாருங்க. பேக்கப் ஓடும்போது 15 மில்லிசெகண்ட் பிங் 400, 500ன்னு எகிறுதுன்னா மோடத்துல அப்லோடு க்யூ நீண்டு கிடக்கு, உங்க கால் பாக்கெட் அந்த வரிசைக் கடைசில நிக்குது. பிஎஃப்சென்ஸ்ல ஸ்பீடுக்குக் கடிவாளம் போடுற லிமிட்டர்ல, வரிசைய நீளவிடாம பார்த்துக்கிற எஃப்க்யூ கோடெல்ங்கிற முறைய தேர்ந்தெடுத்து, அப்லோட அளந்த ஸ்பீடுல 90 பர்சென்ட்டுக்கு கட்டிப்போடுங்க, அப்ப க்யூ மோடத்துல சேராம உங்க ஃபயர்வால் கைக்கு வந்துடும். டெஸ்ட்ல நம்பர் கொஞ்சம் கம்மியாதான் காட்டும், அதப் பார்த்துட்டு மறுபடி எனக்கு லெட்டர் போடாதீங்க.