ஆற்றுக்கும் அரசுக்கும் ஒரே சொல்

கேள்வி: பெரிய ஆற்றில் வந்து கலக்கும் சிற்றாற்றையும், பேரரசுக்குக் கப்பம் கட்டும் நாட்டையும் ஆங்கிலத்தில் 'டிரிபியூட்டரி' என்றே சொல்கிறார்கள். இவ்விரு பொருள்களுள் எது முந்தியது? இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: கப்பமே முந்தியது; ஆறு பின்னர் வந்தது.

இச்சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. உரோமானியக் குடிமக்கள் 'டிரிபூஸ்' எனப்பட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். பகிர்ந்தளித்தல், உரியதைக் கொடுத்தல் என்னும் பொருளுடைய 'டிரிபுவெரே' என்ற வினையும் அதனோடு உறவுடையது. அவ்வினையிலிருந்து பிறந்த 'டிரிபூட்டும்' என்பது, போர்ச் செலவுக்காக உரோமானியர்கள் தங்கள் குடிமக்களிடமே தண்டிய வரியாகும். பிரிவுவாரியாகத் திரட்டப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது என்பது பண்டைய உரோமானிய அறிஞர் வார்ரோவின் விளக்கம். மாசிடோனியாவை வென்று கொணர்ந்த செல்வத்தால் கருவூலம் நிறைந்தபின், கி.மு. 167-இல் இத்தாலியிலிருந்த குடிமக்களிடம் அவ்வரியைத் தண்டுவது நின்றது. வெல்லப்பட்ட மாகாணங்களே அதற்குப் பிறகு அதைச் சுமந்தன. குடிமகனின் கடமையாக இருந்த ஒன்று அடங்கியவனின் அடையாளமாக மாறியது இவ்வாறுதான். இச்சொல்லின் வரலாற்றில் இதுவே மிக முக்கியமான திருப்பம் என்று கருதுகிறேன்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இச்சொல் திறை செலுத்துவோரையே குறித்தது. அத்தகைய நாடு பேரரசோடு இணைக்கப்பட்டுவிட்டது என்று பொருளல்ல. இன்று குரோவாசியாவில் துப்ரோவ்னிக் எனப்படும் நகரமான இரகூசா, உதுமானிய சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசுகள் செலுத்திக்கொண்டே தன் குடியரசைத் தானே நடத்திவந்தது.

சிறியது தன்னிடம் உள்ளதைப் பெரியதிடம் கொண்டுசேர்க்கிறது என்ற ஒப்புமையால், இச்சொல் பிற்பாடு ஆறுகளுக்கும் வழங்கத் தொடங்கியது. 1610 அளவில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாடகத்தில், கடலுக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசப்படும் எளிய ஆறுகளுக்கு இச்சொல்லே அடைமொழியாக வருகிறது. உரோமுக்குச் செலுத்த வேண்டிய திறையைப் பிரித்தானிய மன்னன் மறுப்பது அந்நாடகத்தின் கதையிலேயே இருப்பதால், அங்கே இரு பொருள்களும் அருகருகே நிற்பதைக் காணலாம்.

தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். இச்சொல்லுக்குச் சிலர் 'கிளையாறு' என்று எழுதுகிறார்கள். 'துணையாறு' என்பதே பொருந்தும். அமேசானில் வந்து கலக்கும் மதெய்ரா துணையாறு. கழிமுகத்தில் நைலிலிருந்து பிரிந்து கடலுக்குச் செல்லும் ரொசெட்டாவும் தமியெட்டாவும் கிளையாறுகள்.